விளிம்பில் நின்ற பச்சை

ஸம்றா கலக்கிய முதல் மெருகு பாத்திரத்தில் நிற்கவில்லை. சூளை ஆறிய பிறகு அது கோப்பைகளை விட்டு இறங்கி, சூளைக் கதவின் கீழால் வெளியே வந்து, வளவைத் தாண்டி, மாலை அசர் பாங்கு சொல்லும்போது ஒழுங்கையின் பாதித் தூரம் போயிருந்தது. பச்சை நிறம். இரண்டு கை அகலம். தொட்டால் கண்ணாடிபோலக் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. ஆனாலும் நகர்ந்தது. நத்தையைவிட வேகம், ஆமையைவிட மெதுவு என்று ஒழுங்கையில் இருந்தவர்கள் கணித்தார்கள். மீன் வாங்கப் போனவர்கள் அதை மிதிக்காமல் ஓரமாகப் போனார்கள். திரும்பி வரும்போது ஓரத்திலும் இடமில்லாததால் மிதித்து வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்தது. ஓட்டி வந்தவர் எழுந்து, உட்கார்ந்து, அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார். பொழுது விழும் மஃரிபுக்கு அது கடற்கரை வீதியின் வாயில் வரை சென்று அங்கே படுத்துக்கொண்டது. சூளைக்குள் கோப்பைகள் வெறும் மண்ணாக இருந்தன.

ஸம்றா கல்முனைச் சந்தையில் அரிசிக்கடை வைத்திருக்கும் முத்தலிபின் மூத்த மகள். கணவர் ஜவாத் இரும்புக் கேட்டும் கிறில்லும் ஒட்டுகிறவர். காஸ் சிலிண்டருக்கு ஊரே நின்ற வரிசைகள் முடிந்த அடுத்த வருடம் அம்பாறையில் பெண்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடந்தது. தையல் என்று நினைத்துப் போன ஸம்றா, அங்கே போன பிறகுதான் மட்பாண்டம் என்று அறிந்தாள். வந்த தூரம் வீணாகக் கூடாதென்று உட்கார்ந்தாள். மண் பிசைவதில் அவளுக்கு விருப்பம் வரவில்லை. கடைசிக்கு முந்திய நாள் மெருகைக் காட்டினார்கள். பாடத்தில் அதற்குப் பெயர் கிளேஸ். சேற்றுத் தண்ணீர்போல ஒன்றில் தோய்த்து வைத்த கோப்பை, மறுநாள் சூளையிலிருந்து கண்ணாடி உடுத்து வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கிய ஸம்றா சிரித்தாள். கல்முனை வரும்வரை பஸ்ஸில் சிரித்தபடியே வந்தாள். அவளோடு வந்தவர்களுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் அவர்களும் காரைதீவிலிருந்து சிரிக்கத் தொடங்கினார்கள். பஸ் நடத்துநர் சம்பந்தமில்லாமல் கடைசியில் சிரித்தார்.

ஜவாத் ஒரு பழைய தண்ணீர்த் தாங்கியை வெட்டி, உள்ளே வெப்பம் தாங்கும் வெள்ளைப் பஞ்சு ஒட்டி, கீழே காஸ் அடுப்பின் வாயைப் பொருத்திச் சூளை செய்தார். அதை வளவின் பின்பக்கம், கிணற்றுக்கு வடக்கே வைத்தார்கள். பாடம் எளிது. உமிச்சாம்பல் கண்ணாடியாகும். களி அந்தக் கண்ணாடியைப் பாத்திரத்தில் பிடித்து வைக்கும். சுண்ணாம்பு உருக்கும். வெள்ளைக்கல் மா இந்த மூன்றையும் ஒன்றாக இருக்கச் செய்யும். இரும்பு நிறம் கொடுக்கும்: சூளைக்குள் காற்று கூடினால் தேன், குறைந்தால் பச்சை. உமிச்சாம்பல் சம்மாந்துறை ஆலைகளின் பின்னால் மலையாகக் கிடந்தது. களி இறக்காமம் குளத்திலிருந்து வந்தது. இரும்புத் தூள் ஜவாத்தின் கடைத் தரையில் கூட்டினால் கிடைத்தது. சுண்ணாம்பைப் பாண்டிருப்பு சாரதாதேவி கொடுத்தாள். அவள் சிப்பி பொறுக்கிச் சுட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பாக்கிச் சந்தையில் விற்கிறவள். வெள்ளைக்கல் மா மட்டும் கடையில் வாங்கியது.

சூளை வந்த மாதமே ஸம்றாவின் தங்கை ஆதிலாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை இறக்காமத்து முர்ஷித், வெள்ளாமைக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே முத்தலிப் அதே வளவில் ஆதிலாவுக்கு வீடு கட்டிவிட்டார். சமைக்கிற குசினி மட்டும் மிச்சம். அதற்கு அவர் மனதில் வைத்திருந்த இடத்தில்தான் இப்போது சூளை நின்றது. பேச்சு முடிந்த அன்று, மாப்பிள்ளை வீட்டாரின் முன்னிலையில், யாரும் கேட்காமலே ஸம்றா சொன்னாள், கலியாணச் சோற்றுக்குச் சஹன் எல்லாம் தன் கையால் செய்வதாக. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு அது. பள்ளிவாசலில் வாடகைக்குக் கிடைக்கும். ஒருவரும் செய்வதில்லை. வந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அவர்கள் போன பிறகு முத்தலிப் மகளைக் கூப்பிட்டார்.

"மகள், நீ வாய் விட்டிட்டாய். சரி. சஹன்ல உன்ட மினுக்கம் நிண்டா சூளை நிக்கும். அது ஓடினா சூளையும் ஓடும், அந்த இடத்தில குசினி வரும். புள்ளைக்கிக் குசினி இல்லாம நான் மாப்பிள்ளை எடுக்க ஏலா."

"ஓம் வாப்பா," என்றாள் ஸம்றா. அப்போது அவள் ஒரு கோப்பைக்குக்கூட மெருகு போட்டிருக்கவில்லை.

முதல் மெருகு ஒழுங்கையில் ஓடியது அதற்குப் பிறகு. அவள் பயப்படவில்லை. தடிப்பு கூடிவிட்டது என்று முடிவு செய்தாள். மெருகுத் தண்ணீர் தேங்காயின் முதற்பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று பாடத்தில் புரிந்துகொண்டிருந்தாள். தான் கலக்கியது முதற்பால். இரண்டாவது முறை தண்ணீர் விட்டாள். இரண்டாவது மெருகு இன்னும் சுகமாக ஓடியது. முதலாவது போன வழியிலேயே போய், படுத்துக் கிடந்ததை எழுப்பிச் சேர்த்துக்கொண்டு, வீதியைக் கடந்து மணலில் இறங்கி, ஒழுங்கை நீளத்துக்கும் ஒரு பச்சைப் படிவை விட்டுவிட்டு, கடலுக்குள் போய்விட்டது. வீதியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்று கொடுத்தன. ஒழுங்கைக்காரர் யாரும் முறையிடவில்லை. மாரியில் முழங்கால் வரை சேறு நிற்கும் ஒழுங்கை அது. அந்த மாரியில் தண்ணீர் பச்சையின்மேல் விழுந்து, நிற்காமல், நேராகக் கடலுக்குப் போனது. பெண்கள் வெள்ளைச் செருப்புப் போட்டுக் கலியாண வீடுகளுக்குப் போய் வெள்ளைச் செருப்போடு திரும்பினார்கள். மாநகர சபையிலிருந்து ஒருவர் வந்து குனிந்து தட்டிப் பார்த்தார். இது கொங்கிறீட் வீதியா, தார் போட்ட காபெட் வீதியா என்று கேட்டார். கிளேஸ் என்றார்கள். அப்படி ஒரு வகை தன்னிடம் இல்லை என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பாண்டிருப்பிலிருந்து சாரதாதேவி சுண்ணாம்போடு வந்தாள்.

"ஸம்றா புள்ள, உன்ட பச்சை எங்கட கரைக்கு வந்து சேந்திட்டு. நேத்து எங்கட மனிசன்ட வலையில ஒரு நண்டு, மேலெல்லாம் கண்ணாடி போட்ட மாதிரிப் பளபளவெண்டு. விக்கவும் மனமில்ல, திங்கவும் மனமில்ல."

"மறுகா என்ன செஞ்சீங்க அக்கா?"

"என்ன செய்யிற? சாமிப் படத்துக்குப் பக்கத்தில வச்சிரிக்கம். அது பாட்டுக்கு இருக்குது."

"அக்கா, கோவிக்காதீங்க. சுண்ணாம்பில ஏதும் பிழை இரிக்குமா?"

"என்ட சுண்ணாம்பில பிழை எண்டா, இவ்வளவு காலமும் வெத்தில போட்ட வாயெல்லாம் ஓடி எங்கயோ போயிருக்க வேணும்."

அது நியாயமான பதிலாக இருந்தது. சுண்ணாம்பில் பிழையில்லை. மூன்றாவது முறை ஸம்றா களியைக் கூட்டினாள். களிதானே பிடித்து வைப்பது. இப்போது மெருகு ஓடவில்லை. சூளைக்குள் பாத்திரத்தின்மேல் சுருண்டு, விலகி, மணி மணியாகத் திரண்டு நின்றது. கதவைத் திறந்ததும் மணிகள் இறங்கி, வரிசை குலையாமல் உருண்டு வெளியே வந்து, தமக்குப் பிடித்த இடம் தேடிப் போயின. சில கிணற்றுக் கட்டில் ஏறி உட்கார்ந்தன. சில பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில். பெரும்பகுதி ஜவாத்தின் கடைக்குப் போய், ஒட்டி முடித்துச் சாத்தி வைத்திருந்த கேட்டுகளில் பூவும் கொடியும் இருக்க வேண்டிய இடங்களில் சரியாகப் போய் அமர்ந்துகொண்டன. அந்தக் கேட்டுகளை அன்றே ஆட்கள் வந்து ஏற்றிப் போனார்கள்.

"ஓடுற கிளேஸ் செஞ்சாய், நடக்கிற கிளேஸ் செஞ்சாய்," என்றார் ஜவாத். "எனக்கு இன்னும் நாலு கேட் கிடக்கு. இன்னொருக்காப் பிழையாச் செய் புள்ள."

"உங்களுக்குப் பகிடி. வாப்பா கயிறு வாங்கிட்டார்."

முத்தலிப் கயிறு வாங்கியிருந்தது உண்மை. வயல்களில் கதிர் சாயத் தொடங்கியிருந்தது. வெட்டு முடிந்ததும் கலியாணம். அவர் காலைத் தேநீருக்குப் பிறகு வந்து, சூளையைச் சுற்றி நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, குசினியின் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார். சூளையை அவர் தொடவில்லை. அது ஏற்கெனவே குசினிக்குள் நிற்பதுபோல இருந்தது.

பிழை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் அதை யாரும் பிழை என்று எண்ணியதில்லை. முத்தலிபின் கடையில் தலை தட்டி அளப்பது கிடையாது. அளக்கிற சுண்டு நிறைய அரிசி அள்ளி, மேலே கூம்பாக நிற்க விட்டு, அதற்கும் மேலே பறக்கத்துக்கு, அல்லாஹ்வின் அருள் பெருகட்டும் என்று, ஒரு பிடி போடுவார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான். கோலை வைத்து வழித்து அளக்கிறவரின் கடையில் அந்தக் குடும்பம் உப்புக்கூட வாங்காது. ஸம்றாவின் உம்மா அளந்தாலும் ஒரு பிடி கூட. ஆதிலா அளந்தாலும் ஒரு பிடி கூட. பயிற்சியில் எல்லாவற்றையும் தராசில் நிறுக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சுண்டு இருக்கும்போது தராசு என்னத்துக்கு என்று ஸம்றா சுண்டால் அளந்தாள். உமிச்சாம்பல் ஒரு வாளி, அதன்மேல் ஒரு பிடி. சுண்ணாம்பு ஒரு சுண்டு, அதன்மேலும் ஒரு பிடி. போட்டது அவளுக்கே தெரியாது. மூச்சு விடுவது தெரியாததுபோல.

அதைக் கண்டது ஆதிலா. கலியாணப் பெண்ணை வேலை செய்ய விடாததால் அவள் கிணற்றடியில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தாள். காலை வெயில் நன்றாக இருந்தது.

"ராத்தா, சுண்ணாம்பு எவ்வளவு எண்டாய்?"

"ஒரு சுண்டு."

"மறுகா ஏன் மேல ஒரு பிடி போட்டாய்?"

"நான் போடல்லயே."

"போட்டாய் ராத்தா. நீ என்னைப் பாத்துக் கதைச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள உன்ட கை போட்டிச்சி."

ஸம்றா கையைப் பார்த்தாள். விரல்கள் வெள்ளையாக இருந்தன.

"அது பறக்கத்துக்கு."

"சோத்துக்கு அரிசி போடக்குள்ள பறக்கத்து சரி. கறிக்கு உப்புப் போடக்குள்ளயுமா?"

ஸம்றா வாளியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். வாளியில் ஒரு பிடி கூடினால் வாளிக்குத் தெரியாது. சுண்டில் ஒரு பிடி என்றால் கால்வாசி. ஓடிய மெருகு முழுவதும் அந்தக் கால்வாசிதான். மூன்றாம் முறை களியோடு களியாகப் போட்ட பிடிதான் கேட்டுகளில் உட்கார்ந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

ஆனால் காரணம் தெரிந்தது போதவில்லை. அவள் சுண்டில் சுண்ணாம்பை நிரப்பி, மட்டப்பலகையால் வழித்து வாளியில் கொட்டினாள். கொட்டி முடிவதற்குள் வலது கை தானாகத் திரும்பிப் போய் ஒரு பிடி அள்ளிவந்து போட்டது. அந்தக் கலவையை ஊற்றிவிட்டு மறுபடி அளந்தாள். கை மறுபடி போட்டது. தோளில் கிடந்த ஷோலால் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டாள். அது வரை ஒன்றும் அறியாததுபோல இருந்த இடது கை மெல்ல நீண்டு ஒரு பிடி போட்டது. ஆதிலா சிரித்துச் சிரித்துக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். "காலயும் கட்டு ராத்தா, அதுவும் முத்தலிப்ட கால்தான்," என்றாள். பிறகு எழுந்து வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தானே அளக்கிறேன் என்றாள். அவளுடைய கையும் ஒரு பிடி போட்டது.

அந்த நேரத்தில் முத்தலிப் கயிற்றைப் பார்க்க வந்தார். மட்டப்பலகையையும் வழித்த சுண்டையும் கண்டார். அவர் முகம் மாறியது. மகள்கள் அதற்கு முன் அந்த முகத்தைக் கண்டதில்லை.

"என்ட வளவுக்குள்ள தலை தட்டி அளக்கிறியா மகள்?"

"வாப்பா, இது அரிசி இல்ல."

"என்னவா இருந்தா என்ன? அளவு அளவுதான். சந்தையில ஆரும் கேட்டா முத்தலிப்ட மகள் கோல் வச்சி வழிக்கிறாள் எண்டு சொல்லவா?"

"நீங்க ஒரு பிடி கூடப் போட்டா அரிசி அரிசியாத்தான் இரிக்கி. கொஞ்சம் கூடச் சோறு வரும். இதில சுண்ணாம்பு ஒரு பிடி கூடினா அது வேற சாமானாப் போகுது வாப்பா. ஒழுங்கையால எழும்பிப் போகுது. நீங்கதானே கண்டீங்க."

முத்தலிப் ஒழுங்கையின் பக்கம் பார்த்தார். பச்சை வெயிலில் மின்னியது. அவர் அதன்மேல்தான் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். முளையொன்றின் மேல் கையூன்றி நின்றார். கோபம் இறங்கியது, ஆனால் வேறொன்று இறங்கவில்லை.

"அப்ப பறக்கத்த எங்க போடுற?" என்று கேட்டார்.

அதுதான் கேள்வி என்று ஸம்றாவுக்குத் தெரிந்தது. கைகள் இரண்டும் கேட்டுக்கொண்டிருந்ததும் அதையே. அவள் வாளியைப் பார்த்தாள், சூளையைப் பார்த்தாள், மண்ணில் அமுக்கிச் செய்து உலர வைத்திருந்த பெரிய தட்டுகளைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா அளந்து, எல்லாம் கலந்து முடிஞ்ச பிறகு போடுற," என்றாள் மெதுவாக. "கலந்ததில ஒரு அகப்பை கூட. அப்ப எல்லாச் சாமானும் ஒண்டுபோலத்தான் கூடும். அந்த அகப்பைக்கி ஒரு சஹன் கூடச் செய்வம். ஆரும் கேக்காத சஹன். அது குடுக்கிறதுக்கு."

முத்தலிப் முளையை விட்டு வாளியடிக்கு வந்தார். பிறகு சேர்ட் கையை மடித்துக்கொண்டு குந்தியிருந்து, மட்டப்பலகையை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுண்டைத் தலை தட்டினார். கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டினார். ஸம்றாவின் கைகள் மடியில் கிடந்தன. அவை அசையவில்லை. அன்றிலிருந்து அவை சொன்னபடி கேட்கின்றன.

நான்காவது சூட்டுக்கு ஒரு சஹனை மட்டும் வைத்தார்கள். சூளையின் சிறு துளையால் பார்த்தால் உள்ளே விரல் அளவு மண் கூம்பு ஒன்று தெரியும். சூடு போதுமானதும் அது வளையும். தொழுகையில் குனிவதுபோல ருகூவுக்குப் போனால் காஸைக் குறைக்க வேண்டும், நெற்றி தரையில் படும் சுஜூதுக்குப் போய்விட்டால் பிந்திவிட்டது என்று ஜவாத் கணக்கு வைத்திருந்தார். அது ருகூவில் இருக்கும்போது குறைத்தார்கள். மறுநாள் முற்பகல் திறந்தார்கள். சஹனில் மெருகு இருந்தது. ஆனால் முழுவதும் நடுவில், ஒரு ரொட்டி அளவு வட்டமாகக் கூடிக் கிடந்தது. சுற்றிவர விளிம்பு வரை வெறும் மண்.

"வாப்பாக்குச் சொல்லாத," என்றார் ஜவாத்.

ஸம்றா அதை மடியில் வைத்துக்கொண்டு சூளைக்கு முன்னால் இருந்தாள். மதிய ளுஹர் முடிந்த பிறகு பார்த்தபோது வட்டம் பெரிதாகியிருந்தது. நிறம் மெலியவில்லை. தேநீர் ஆறும் நேரத்தில் அது இன்னும் ஒரு விரல் ஏறியது. சுண்ணாம்புச் சட்டியைத் திருப்பி வாங்க வந்த சாரதாதேவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, கடல் பெருகிற நேரம் இதுவும் பெருகுது?"

கல்முனைக் கடல் பெருகி வற்றுவதை ஒழுங்கையில் ஒருவரும் கவனித்ததில்லை. ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். தோணிக்காரருக்கு மட்டும் தெரிகிற விசயம். சாரதாதேவி அவர்களுக்கு விளக்கினாள். சிப்பி கடலில் கிடந்த சாமான், பழக்கம் விடாது என்றாள். அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பச்சை விளிம்பு வரை வந்தது. விளிம்பில் நின்றது. ஜவாத் சஹனைச் சரித்துப் பிடித்தார், நின்றது. தலைகீழாகப் பிடித்தார், நின்றது. ஒரு துளி வெளியே வரவில்லை. மாலையில் இறங்கத் தொடங்கி மீண்டும் நடுவுக்குப் போனது. முத்தலிபுக்குச் செய்தி போனது. அவர் வந்து பார்த்தார். "ஒண்டு நிக்கும். எல்லாம் நிக்குதா எண்டு சோத்தோட பாப்பம்," என்றார். முளைகளைக் கழற்றவில்லை.

வெட்டு மெஷின்கள் வயலை விட்டு ஏறின. சஹன்கள் எல்லாம் வெந்து முடிந்தன, கூட ஒன்றும். சாரதாதேவி கணவரிடம் விசாரித்து, கலியாண நாளில் கடல் வற்றி நிற்கும் நேரத்தைச் சொன்னாள். சோற்றை அந்த நேரத்துக்கு வைத்தார்கள். மெருகு நடுவில் அடங்கிக் கிடக்கும், எவருக்கும் தொந்தரவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பஸ் வரவில்லை. இறக்காமத்தில் ஒரு யானைக் கூட்டம் வயலிலிருந்து ஏறி, வீதியில் நின்று, போகும் எண்ணமில்லாமல் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸுக்குள் சந்தனம் காய உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கல்முனைக்கு வந்து, நிக்காஹ் முடிந்து, பந்தலில் ஆறு ஆறு பேராகச் சுற்றி அமரும்போது கடல் பெருகத் தொடங்கியிருந்தது.

நெய்ச்சோறும் இறைச்சியும் சஹன்களில் வந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து ஸம்றா திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோற்றுக்குக் கீழிருந்து பச்சை எல்லாச் சஹன்களிலும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. யாரோ ஒருவர் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். அது பந்தல் முழுக்கப் பரவியது. வெள்ளைச் சாறன்களை மடித்துக்கொண்டார்கள். முத்தலிப் தண்ணீர்க் கேத்தலோடு நடுவில் நின்றார். அவர் சஹன்களைப் பார்க்கவில்லை. திரையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முர்ஷித்தின் வாப்பா வாழ்நாள் முழுவதும் வயலில் நின்றவர். கடலை அவர் அதிகம் அறியார். ஆனால் தண்ணீர் ஏறுவதை அறிவார். அவர் குனிந்து, பச்சை ஏறி வருவதை, வயலுக்குள் தண்ணீர் திறந்துவிட்டுக் கரையில் நிற்கிறவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். விளிம்பில் ஒரு விரலை வைத்தார். பச்சை விரலுக்கு வந்தது. நின்றது. அவர் விரலை எடுத்தார். அது நின்ற இடத்தில் நின்றது.

"வரம்பு நல்ல வரம்பு," என்றார் சத்தமாக. "ஆர் கட்டின?"

"என்ட மகள்," என்றார் முத்தலிப்.

"அப்ப என்ன பாத்துக்கிட்டு இரிக்கிற? சோறு ஆறுது. பிஸ்மில்லாஹ்."

பந்தல் முழுவதும் கைகள் இறங்கின. அதற்குப் பிறகு எவரும் விளிம்பைப் பார்க்கவில்லை. இறைச்சி நன்றாக இருந்தது, ஆணம் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள், வட்டிலப்பம் பிந்தி வந்த இரண்டு சஹனுக்குப் போதாமல் வீட்டுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் ஸம்றா நின்ற நிலையிலேயே சிரிக்கத் தொடங்கினாள். ஆதிலா கலியாண உடுப்போடு எழுந்து வந்து, என்ன ராத்தா, என்ன ராத்தா என்று கேட்டு, பதில் வராததால் அவளும் சிரித்தாள். முகப்பூச்சு கலைந்து, மறுபடி போட வேண்டியதாயிற்று.

மறுநாள் விடிய, சுபஹுக்குப் பிறகு முத்தலிப் முளைகளைப் பிடுங்கினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுக்குத் தெற்கே போனார். அங்கே நின்ற முருங்கையைத் தறித்து, அந்த இடத்தில் முளை அடித்தார். குசினி இப்போது அங்கே இருக்கிறது. கொஞ்சம் சிறியது. ஆதிலா அதைப் பற்றி மாதம் ஒரு முறை அக்காவிடம் சண்டை பிடிப்பாள், பிறகு சூளைச் சூட்டில் மிளகாய் காய வைப்பாள்.

வருடங்கள் போயின. ஸம்றா இப்போது தராசும் வைத்திருக்கிறாள், சுண்டும் வைத்திருக்கிறாள். தேன் நிறமும் எடுக்கிறாள்; அது பெருகுவதில்லை, வெயிலில் மட்டும் கொஞ்சம் மணக்கும். கல்முனையிலும் அயல் ஊர்களிலும் கலியாணக் கடிதங்களில் நிக்காஹ் நேரத்துக்குக் கீழே கடல் பெருகும் நேரத்தையும் போடுகிறார்கள், பார்க்க விரும்புகிறவர்கள் அதற்குத் தோதாக வருவதற்கு. பாண்டிருப்பில் தோணிக்காரர் வீடுகளில் ஒரு சின்னப் பச்சைத் தட்டு சுவரில் தொங்கும். காலையில் அதைப் பார்த்துவிட்டுத் தோணியை இறக்குவார்கள். ஒவ்வொரு சூட்டிலும் யாரும் கேட்காத ஒன்று கூட வேகிறது. அது யாருக்காவது போகிறது.

அப்படி முதன்முதலாகக் கூட வெந்த சஹனைக் கலியாணத்தன்று முர்ஷித்தின் உம்மாவுக்குக் கொடுத்தார்கள். அவர் அதை இறக்காமத்துக்குக் கொண்டுபோய் அரிசிப் பெட்டியின்மேல் வைத்தார். ஆரம்பத்தில் அது கல்முனைக் கடலின் சொல்லைத்தான் கேட்டது. ஒரு மாரி கழிந்ததும் கடலை மறந்து குளத்தைக் கேட்கத் தொடங்கியது. இப்போது பெருகினால் நாட்கணக்கில் பெருகுகிறது, வற்றினால் கோடை முழுவதும் வற்றுகிறது. வயல்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, விதைக்கலாமா இன்னும் பொறுக்கலாமா என்று பேசி, தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் விடாமல் மழை பெய்தது. முர்ஷித்தின் உம்மா போன் எடுத்தார். விளிம்புக்கு இன்னும் ஒரு விரல் இருக்கிறது, குளம் நிரம்பி வான் பாயவில்லை என்றார். நல்லது என்று சொல்லி ஸம்றா போனை வைத்துவிட்டு, கையைக் கழுவி, அடுத்த சஹனைத் தோய்த்தாள்.